நான் போடாத எர்த் வயர்

நவம் அண்ணை மாரடைப்பால் சாகவில்லை. நான் வயர் மாற்றிக் கொடுத்த விளக்குத்தான் அவரைக் கொன்றது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நான் லண்டனில் எலெக்ட்ரீசியன். தொழில் தெரியாமல் செய்த பிழை என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள்!

அண்ணை இங்கு வருமுன் டென்மார்க்கில் அகதியாக இருந்தவர். அங்கே மொழி படிக்கப்போன நூலகத்தில் இதே மாதிரி ஒரு மின்சார நிலைவிளக்கு நின்றதாம். பல ஆண்டுகள் தேடி, கடைசியில் லண்டனில் ஓர் ஏலத்தில் அதே வகையில் ஒன்றைப் பிடித்தார். இன்று உலகத்தில் எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. தன் லூயிஷாம் வீட்டின் முன்னறையில், அறையைச் சூடாக்கும் இரும்பு ரேடியேட்டருக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினார்.

ஒல்லியான பித்தளைத் தண்டு. ஒரு விரல் பட்டாலே ஏறி இறங்கும் கை. பல்பு கண்ணில் படாதபடி கவிந்த கறுப்பு மூடி. வெளிச்சம் புத்தகத்தில் விழும், முகத்தில் விழாது. ஒரு திருகாணிகூட வெளியே தெரியாது... நானும் மயங்கித்தான் போனேன்.

உள்ளே வயர் உக்கிப்போயிருந்தது. மாற்றும்போது எர்த் வயரும் சேர்த்துப் போடவேண்டும். உள்ளே ஏதும் பிசகினால் மின்சாரம் ஆளைத் தாக்கவிடாமல் காப்பது அதுதான். ஆனால் தண்டும் கையும் சேரும் ஒடுங்கிய கழுத்துக்குள் இரண்டு வயருக்கு மேல் நுழையாது. மூன்றாவதை வெளியே கொண்டுவரத் தண்டில் துளை போட வேண்டும்.

"ஓட்டை போட்டா இதின்ரை வடிவே போயிடும் தம்பி. என்னாலை பார்க்க ஏலாது" என்றார் அண்ணை.

"சரி அண்ணை, விடுவம்" என்றேன்.

அவர் கெஞ்சியது உண்மை. ஆனால் மறுக்கவேண்டியவன் யார்? அந்தப் பித்தளையைத் துளைக்க எனக்கும் மனம் வரவில்லை என்பதல்லவா உண்மை!

சில மாதங்கள் கழிந்தன. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவருடைய மனைவி செல்வி அக்கா போனில் கதறினார். "தம்பி, கோயிலாலை வந்து பார்த்தா இவர் விழுந்து கிடக்கிறார். அம்புலன்சுக்கு அடிச்சிட்டன். ஓடி வாங்கோ!"

பக்கத்துத் தெருதான். அம்புலன்ஸுக்கு முன்பே போய்விட்டேன். விளக்குக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அண்ணை கிடந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவரைத் தொடுமுன் நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

ஆபத்தை நீக்கவா? தடயத்தை மறைக்கவா? இன்றும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்...

அண்ணை ஏற்கெனவே பைபாஸ் செய்துகொண்டவர். இதயந்தான் என்றார்கள் டொக்டர்மார். விளக்கை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

செத்தவீடு முடிந்ததும், துடைத்துத் தருவதாகச் சொல்லி அதை என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். கழற்றினேன். கழுத்து மடங்கும் இடத்தில் வயரின் உறை தேய்ந்து, செம்பு பித்தளையில் முட்டிக்கொண்டிருந்தது. ஒரு கை விளக்கிலும் மறுகை ரேடியேட்டரிலும் பட்டால் போதும், மின்சாரம் ஆளூடாகப் பாய்ந்துவிடும். அன்றைக்கே துளை போட்டேன். எர்த் வயர் போட்டேன். எவ்வளவு சின்னத் துளை, தெரியுமா? தேடினால்தான் தெரியும்!

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பின்னேரம், உறவினர்கள் போனபிறகு, செல்வி அக்கா என்னிடம் கேட்டார்.

"நான் கோயிலுக்கு வெளிக்கிடேக்கை அவர் நல்லாத்தானே இருந்தவர். நெஞ்சு நோகுதெண்டு உங்களிட்டை ஏதும் சொன்னவரோ தம்பி?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் இனி வராது. என் வாய் திறந்தது.

"ஓம் அக்கா... ரெண்டு மூண்டு தரம் சொன்னவர். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவர்."

ஏன் சொன்னேன்? இதயத்தின் மேல் விழுந்த பழி அங்கேயே இறுகிவிடட்டும் என்றுதான்! அந்தப் பொய் அக்காவை என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை.

இப்போதும் என்னைக் கூப்பிடுவார். தேநீர் தருவார். நான் திருப்பிக் கொண்டுபோய் வைத்த அந்த விளக்கடியில்தான் இருப்பார்.

"இவ்வளவு காலம் ஒண்டா இருந்தனாங்கள். உங்களிட்டைச் சொன்னவர், என்னட்டை ஏன் தம்பி சொல்லேல்லை? என்னிலை அவருக்கு என்ன கோபம்?"

"கோபமில்லை அக்கா. நீங்கள் பயந்திடுவியள் எண்டுதான்..." என்கிறேன்.

"வேறை என்ன சொன்னவர்?" என்று கேட்கிறார்.

நான் யோசித்து, அண்ணை ஒருபோதும் சொல்லாத இன்னொன்றைச் சொல்கிறேன்.