ஓர் ஆளுக்கான சோள அடை

பெல்ட்டில் முதல் முறை புது ஓட்டை போட்டபோது நான் பயப்படவில்லை. தொப்பை கரைகிறது என்று சந்தோஷப்பட்டேன். இரண்டாவது ஓட்டைக்குப் போனபோது செருப்புக் கடைக்காரர், "சார், பெல்ட்டையே மாத்திடுங்க" என்றார். அதற்குள் காலையில் ஓயாத வயிற்றுப்போக்கும், வகுப்பில் நின்றால் கால் நடுக்கமும் வந்திருந்தன.

நான் ஒரு பள்ளியில் பிரெஞ்சு சொல்லித்தருகிறேன். ரெட்டியார்பாளையத்தில் தனியாக இருக்கிறேன். மனைவி இறந்துவிட்டாள். மகள் பிரான்சில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறாள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் இது; எங்கள் வீட்டில் காலை உணவு என்றால் தலைமுறையாக ரொட்டிதான். மேலே மொறுமொறுவென்று நீளமாக இருக்கும் ரொட்டி, கொஞ்சம் வெண்ணெய், காப்பி. எனக்கு நோயைக் கொடுத்ததும் அந்த ரொட்டிதான்.

கோரிமேட்டுப் பக்கம் பெரிய மருத்துவமனையில் எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்து, சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். சீலியாக் நோய் என்றார்கள் (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் வயிற்றுக்குள் போனால், உடல் தன் சிறுகுடலையே தாக்கிக்கொள்ளும் நோய்). சோற்றுச் சத்தை உறிஞ்ச வேண்டிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகியிருந்தன.

"ரொட்டி, சப்பாத்தி, பரோட்டா, பிஸ்கட் எதுவும் கூடாது சார். வாழ்நாள் முழுக்க" என்றார் இளம் பெண் மருத்துவர்.

"ஞாயித்துக்கிழமை?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. எங்கள் கத்தோலிக்கக் கோயில் பூசையில் தரும் நற்கருணை அப்பமும் கோதுமைதான்.

அந்த வாரம் கோயிலில் எல்லோரும் எழுந்து வரிசையில் போக, நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நற்கருணை வாங்காதவனைப் பற்றி எங்கள் கோயில் பங்கு மக்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஏதோ பெரிய பாவம் செய்துவிட்டு, பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) செய்ய மனமில்லாதவன். எழுந்து நின்று என் குடலைப் பற்றி அறிவிக்கவா முடியும்?

இட்லி சாப்பிடலாமே என்பீர்கள். ஓர் ஆளுக்கு மாவு அரைத்துப் பாருங்கள். மூன்றாம் நாள் அது புளித்து உங்களைத் திட்டும். மேலும் என் பல்லுக்கு மொறுமொறுப்பு வேண்டும். அதனால் மக்காச்சோள மாவுக்கு வந்தேன். வெள்ளையான கார்ன் ஃப்ளவர் அல்ல. மஞ்சளாக, ரவை போல இருப்பது. உப்பு, சீரகம், வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு வெந்நீர் ஊற்றிப் பிசைய வேண்டும். கையை நனைத்துக்கொண்டு தட்டி, எண்ணெயில் இரு பக்கமும் சிவக்கச் சுட்டு எடுத்தால் மூன்று அடை. வயிறு உப்புசமாக இருந்ததால் வாயுவுக்கு நல்லது என்று பெருங்காயத் தூளைத் தாராளமாகப் போட்டேன். உப்புசம் கூடக் கூட, பெருங்காயத்தையும் கூட்டினேன்.

மாதங்கள் போயின. உடம்பு தேறவில்லை. ரத்தப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர் பேனாவை மூடி வைத்தார்.

"சார், எங்கயாவது ரொட்டி சாப்பிடறீங்களா?"

"இல்லீங்க டாக்டர்."

"ரத்தத்துல இந்த எதிர்ப்புப் பொருள் அளவு அடுத்த தடவையும் கொறையலன்னா திரும்ப எண்டோஸ்கோபி பண்ணணும். ஸ்டீராய்டு (உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்து) ஆரம்பிக்கணும். குடல்ல வேற ஏதாவது இருக்கான்னும் பாக்கணும்."

வேறு ஏதாவது என்றால் என்னவென்று நான் கேட்கவில்லை. புற்றுநோய் என்ற சொல்லை அவர் வாயால் கேட்கத் தைரியமில்லை.

மகளும் நம்பவில்லை. வேலை இடைவேளையில் அவள் கூப்பிடும்போது இங்கே விடிந்திருக்கும். "அப்பா, உண்மைய சொல்லுங்க. ரொட்டி வாங்கறீங்கதானே?"

"மாதா மேல சத்தியமா இல்லம்மா."

"சரிப்பா" என்றாள். அந்த ‘சரி’ என்னைக் கொன்றது. என் சமையலறையில் எனக்குச் சாட்சி சொல்ல ஓர் ஆள் இல்லை. நோயைவிட அதுதான் வலித்தது.

அடுத்த முறை ரோஷத்தோடு போனேன். அன்று காலை சுட்ட அடைகளை டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துப்போய் மருத்துவரின் மேசைமேல் திறந்தேன். "பாருங்க டாக்டர். இதுதான் நான் திங்கறது. இதுல எங்க இருக்கு ரொட்டி?"

அறை முழுக்க வாசனை. கதவருகே நின்ற நர்ஸ் திரும்பிப் பார்த்தார்.

மருத்துவர் குனிந்து முகர்ந்தார். "பெருங்காயமா சார்?"

"ஆமா. வயித்துக்கு நல்லதாச்சே."

"கட்டியா, தூளா?"

"தூள்தான்."

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். கடையில் விற்கும் பெருங்காயத் தூள் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டுச் சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றிலும் நான் அதைத்தான் போட்டு வந்தேன். மருந்து என்று நினைத்து என் கையாலேயே நோயை ஊட்டியிருக்கிறேன்.

"நானும் முதல்லயே கேட்டிருக்கணும். நீங்க சொன்னத நம்பல, சாரி சார்" என்றார். பிறகு தயங்கி, "இன்னும் டிபன் சாப்பிடல. ஒண்ணு எடுத்துக்கவா?" என்றார். எடுத்துக் கடித்தார். மொறுக்கென்று சத்தம் கேட்டது. மனைவி போன பிறகு நான் சமைத்ததை இன்னொருவர் சாப்பிட்டு அன்றுதான் பார்த்தேன்.

இதே நோயோடு இருப்பவர்களே, உங்கள் அஞ்சறைப்பெட்டியையும் சந்தேகப்படுங்கள். அதைவிட முக்கியம், நம்ப மறுப்பவர்கள் முன்னால் டிபன் பாக்ஸைத் திறந்து வையுங்கள். கோயில் சாமியாரிடமும் சொல்லிவிட்டேன். இப்போது அப்பத்துக்குப் பதில் எனக்கெனத் தனிக் கிண்ணத்தில் திராட்சை ரசம் மட்டும் தருகிறார். வரிசையில் கடைசி ஆளாகப் போகிறேன்.

குடல் அவசரப்படாது. வகுப்புக்கு மணி அடிப்பதுபோல அதற்கு மணி அடிக்க முடியாது. பெருங்காயத்தை விட்ட பிறகும் வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. உடம்பு என்பது நான் அதட்டினால் கேட்கிற பொருள் என்று ஐம்பது வயதுக்கு மேலும் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது அதன் நேரத்துக்கு நான் காத்திருக்கிறேன்.

ஒரு நாள் காலை அடையைத் தட்டிக் கல்லில் போட்டபோது வயிற்றில் ஏதோ இழுத்தது. வலி என்று நினைத்து அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலியில்லை. என்னவென்று புரிய நேரமாயிற்று.

போன் அடித்தது. "சாப்டீங்களாப்பா?" என்றாள் மகள். பசியே இல்லாத அத்தனை மாதமும் "ஆச்சும்மா" என்றுதான் சொல்லி வந்தேன்.

"இன்னும் இல்லம்மா. பசிக்குது."

"இன்னொரு வாட்டி சொல்லுங்கப்பா" என்றாள்.

"பசிக்குதும்மா" என்றேன்.

பேசி முடிப்பதற்குள் அடை ஒரு பக்கம் கருகிவிட்டது. சுரண்டாமல் அப்படியே தின்றேன்.