கலீஜ் என்றொரு குறி

நான்கு மாதமாக என் வேலை, யாரோ எழுதிவிட்டுப் போன பழைய மென்பொருளைப் படித்து, அதில் எது எதற்கு என்று எழுதி வைப்பது. எழுதிய புண்ணியவான் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டே அதை நம்பித்தான் ஓடுகிறது. விளக்கம் என்று அவர் விட்டுப்போனது ஒரே வரி, அதுவும் ஆங்கில எழுத்தில்: "இத தொடாத நைனா." எதை? அதைச் சொல்லித் தொலைத்திருந்தால் எனக்குக் கழுத்து வலியாவது மிச்சமாகியிருக்கும்.

அந்த யார்டில்தான் என் வீட்டுக்காரர் பெட்டிகளுக்குள் ஏறிச் சரக்கு இறக்குகிறார். இன்று எந்தப் பெட்டிக்குள் போகலாம் என்று காலையில் பட்டியல் கொடுப்பது இந்த மென்பொருள்தான். இதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போடப்போகிறார்கள், நான் எழுதிக் கொடுப்பதைப் பார்த்து. நான் தப்பாக எழுதினால் அவர் தப்பான பெட்டிக்குள் போவார். இது தெரிந்தும், மத்தியானத்துக்கு மேல் எல்லா வரியும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். அவ்வளவு அலுப்பு.

அதில் ஒரு குறிக்குப் பெயர் கலீஜ்; எங்கள் சென்னைப் பேச்சில் அழுக்கு என்று அர்த்தம். சில பெட்டிகள் வந்ததும் 'ஆம்' ஆகும், மறுநாள் தானாக 'இல்லை' ஆகும். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தொழிலில் 'டர்ட்டி' என்று ஒரு குறி உண்டு. மாற்றிய தகவலை இன்னும் சேமிக்கவில்லை என்று அர்த்தம். அதைத்தான் நம்மூர் ஆள் கலீஜ் ஆக்கியிருக்கிறார் என்று நினைத்து, 'புதியதில் தேவையில்லை, நீக்கலாம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். வியாசர்பாடியில் பிறந்தவளுக்கு கலீஜ் தெரியாதா என்ற திமிர் வேறு.

ஞாயிற்றுக்கிழமை நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் தன் கூட்டாளியோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். "நாளிக்கு ரெண்டு கலீஜ் வருது மாமு. கதவ மட்டும் தொறந்து வுட்டுட்டு வந்துடு, உள்ள போவாத."

"கலீஜா? இன்னாது அது?" என்று கேட்டேன்.

"பூச்சி மருந்து பொகை போட்ட பொட்டிம்மே. ஒரு நாளு காத்தாட வுடணும். அவசரப்பட்டு உள்ள போனா மூச்சு அடைச்சுக்கும், அவ்ளோதான்."

அந்தக் குறியைத்தான் நீக்கலாம் என்று எழுதி அனுப்பியிருந்தேன். அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான்கு மாதமாக அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக மேலாளரைக் கூப்பிட்டு, அந்த வரியை மாற்ற வேண்டும் என்றேன். அவருக்கும் சலிப்பு. "கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சும்மா. மாத்தணும்னா ஆதாரம் வேணும். எந்த ஃபைல், எந்த வரி?"

இத்தனை வருடம் ஆபீசில் நான் பார்த்துப் பார்த்துப் பேசிய தமிழ் அன்று வாயில் நிற்கவில்லை.

"ஃபைல்ல இல்ல சார். எங்க வூட்டுக்காரரு சொன்னாரு. அந்தப் பொட்டிக்குள்ள போறது அவருதான்."