தங்கையின் இரத்தத்தை நான் வாசித்த விதம்

நாங்கள் இப்போது வாழும் இந்த நோர்வேச் சிற்றூரின் சுகாதார நிலையத்தில், தாதி என் மனைவியின் பெயரைக் கூப்பிட்டால் நானும் சேர்ந்து எழும்பக் கூடாது. இதைப் பழக எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. முதல் தடவை எழுந்து பின்னாலேயே போனேன். இரத்தப் பரிசோதனையின் முடிவை அவரிடம் மட்டும்தான் சொல்வோம் என்று தாதி சிரித்த முகத்தோடு கதவில் மறித்தாள். "நான் அவளுடைய கணவன்" என்று எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் பெருமையாகச் சொன்னேன். "நல்லது, அவர் வீட்டில் உங்களுக்குச் சொல்வார்" என்று அவள் பதில் சொன்னதாகப் பிறகு அறிந்தேன். எனக்கு அப்போது விளங்கியது 'யெம்', வீடு, என்பது மட்டுமே. என்னை வீட்டுக்குப் போகச் சொல்கிறாள் என்று நினைத்துக் கோபத்தோடு வெளியேறி, பனி கொட்டும் பஸ் தரிப்பில் நின்றேன். மனைவி சபீனா என்னைத் தேடி வந்து, "இதென்ன, சின்னப் புள்ள மாதிரி கோவிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்டாள். அன்று முழுக்க நான் அவளுடனும் கதைக்கவில்லை. ஒரு பெண்ணின் இரத்தம் பற்றிய தாளை அவள் வீட்டு ஆணிடம் காட்ட மறுக்கும் நாடு எப்படிப்பட்ட நாடு என்று ஊருக்குத் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு என் தங்கை விலை கொடுத்திருக்கக் கூடும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்து, கல்பிட்டித் தீபகற்பத்தில் குறிஞ்சிப்பிட்டியில் ஒதுங்கிய குடும்பம் எங்களுடையது. நான் கணித ஆசிரியன். ஜெஸீமா என் கடைசித் தங்கை; என்னைக் 'காக்கா', அண்ணன், என்று கூப்பிடுவாள். அந்த ஊரிலேயே வெங்காயத் தோட்டக்காரரான நிஸாமைக் கட்டிக்கொண்டாள். யுத்தம் முடிந்து சில வருடங்களில் நானும் சபீனாவும் மகனோடு இங்கே வந்துவிட்டோம். ஆனாலும் குடும்பத்துக்கு வரும் தாள்கள் எல்லாம் என்னைத் தேடித்தான் வந்தன. காணி உறுதி, பரீட்சை முடிவு, மருந்துச் சீட்டு எதுவானாலும் படம் பிடித்து அனுப்புவார்கள். நான் வாசித்துத் தீர்ப்புச் சொல்வேன்.

ஜெஸீமாவுக்கு நாற்பது கடந்த வயது. சில மாதங்களாக அடிவயிற்றில் வலி, வயிற்றூதல். புத்தளத்தில் ஒரு டாக்டர் ஸ்கேன் செய்து, சூலகத்தில் ஒரு கட்டி தெரிகிறது என்று சொல்லி, சி.ஏ. நூற்றிருபத்தைந்து என்றொரு இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். முடிவு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு சிலாபத்தில் ஒரு பெண் நோய் நிபுணரிடம் போகும்படி சொன்னாராம். நிஸாம் அந்தத் தாளைத் தங்கையிடம் காட்டுவதற்கு முன் எனக்கு அனுப்பினார். தொண்ணூற்றிரண்டு என்று இருந்தது. பக்கத்தில், முப்பத்தைந்துக்குக் கீழ் இருக்க வேண்டும் என்று அச்சடித்திருந்தது.

முப்பத்தைந்து எனக்குப் பழக்கமான எண். சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடையும் எல்லை அதுதான். எத்தனையோ வருடம் அந்தக் கோட்டின் இந்தப் பக்கம் சித்தி, அந்தப் பக்கம் சித்தியில்லை என்று விடைத்தாள் திருத்திப் பழகிய கை என்னுடையது. இங்கே கோடு தலைகீழாகக் கிடந்தது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். தொண்ணூற்றிரண்டைப் பார்த்து நான் பயந்தது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. இணையத்தில் தேடினேன். 'சூலகப் புற்றுநோய்' என்ற சொல்லைக் கண்டதும் அதற்குக் கீழே இருந்த எதையும் வாசிக்கவில்லை. நிஸாமை அழைத்து, "மச்சான், அவளுக்குச் சொல்லாதீங்க. டாக்டர்கிட்டயும் இப்ப கூட்டிட்டுப் போக வேணாம். நான் வந்து பாக்கிறேன்" என்றேன். அவர் அவளிடம் "வயித்துல காஸ்தானாம்" என்று சொல்லித் தாளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். எனக்கு டிக்கட் கிடைக்க இரண்டு வாரம் ஆனது.

நிஸாம் தன் தாயிடம் மட்டும் சொன்னார். தாயும் ஒருவரிடம் மட்டும்தான் சொன்னார். நான் போய் இறங்கியபோது ஜெஸீமா முற்றத்தில் இருந்து சின்ன வெங்காயத்தின் தாள் கிள்ளிக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை. கதிரையைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

"வாங்க காக்கா. நீங்களும் மாப் கேக்கவா வந்தீங்க?"

எங்கள் மக்களிடம் உள்ள பழக்கம் அது. ஹஜ்ஜுக்குப் போகிறவர் ஊரெல்லாம் போய், செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்பார். ஒருவர் மரணப் படுக்கையில் இருந்தால் ஊர் அவரிடம் வந்து கேட்கும்.

"ஒரு கிழமையா ஆக்கள் வந்து போகுது," என்றாள். "பக்கத்து வீட்டு ஆமினா லாத்தா எங்கட சஹனத் திருப்பித் தந்திட்டா. பெருநாளைக்குச் சோறு போடக் கொண்டு போனது, மூணு பெருநாள் போச்சு. ஆட்ட அவுத்து விட்டு நம்மட மிளகாய்க் கண்டுகளத் தின்ன வெச்சது தான்தானெண்டு ஒராள் அழுதாரு. நான் ஹஜ்ஜுக்குப் போகல்ல, காக்கா. அப்ப நான் மவுத்தாகத்தானே போறேன்?"

சஹன் என்றால் நாலைந்து பேர் சுற்றி இருந்து உண்ணும் பெரிய தட்டு. அது அவள் பக்கத்தில் வெங்காயச் சருகு நிறைந்து கிடந்தது. நான் வாய் திறப்பதற்குள் நிஸாம் உள்ளே போய் அலுமாரியைத் திறந்தார். அவள் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இது யார்ட ரத்தம்?"

"உன்டதான்."

"என்ட எண்டா, எனக்கு மட்டும் ஏன் தெரியாது?"

அவள் மீண்டும் தாளைப் பார்த்தாள். "பள்ளிக்கூடத்தில நீங்க எனக்கு ஒருநாளும் கணக்குக்குத் தொண்ணூறு போடல்ல" என்றாள். நிஸாம் சிரிக்கத் தொடங்கி, முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தார்.

அடுத்த நாளே வான் பிடித்துச் சிலாபத்துக்குப் போனோம். மதுரங்குளிச் சந்தி, முந்தல், இறால் பண்ணைகள் எல்லாம் கண்ணாடிக்கு வெளியே ஓடின. நிபுணர் ஒரு சிங்களப் பெண்மணி. நான் ஆங்கிலத்தில் முழு வரலாற்றையும் சொல்லத் தொடங்கினேன். அவர் என்னை மரியாதையாகக் கேட்டுவிட்டு, கதிரையைத் தங்கையின் பக்கம் திருப்பிச் சிங்களத்தில் கதைத்தார். வெங்காயம் விற்கப் போய்ப் போய் ஜெஸீமாவின் சிங்களம் தண்ணீர் போல ஓடும். என்னுடையது கடையில் பாண் வாங்கும் அளவுக்கு மட்டும். டாக்டர் ஏதோ கேட்டார். ஜெஸீமா என்னைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள், பிறகு மெதுவாகப் பதில் சொன்னாள். டாக்டர் தாளில் எழுதி அடியில் கோடு போட்டார்.

"என்ன கேக்கிறாங்க?" என்றேன்.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு சொன்னாள்: "ரத்தம் எடுத்த அண்டைக்கு எனக்கு மாசச் சுகமில்லாத நாளாண்டு. ஓம், ரெண்டாம் நாள். வருஷக் கணக்கா அந்த நாளையில நான் படுற வலியயும் கேட்டாங்க. இத என்னட்ட ஒருத்தரும் கேக்கல்ல, காக்கா."

டாக்டர் விளக்கியதைத் தங்கையின் வாய் வழியாகத்தான் விளங்கிக்கொண்டேன். சூலகப் புற்றுநோய் உள்ளவர்கள் பலருக்கு இரத்தத்தில் கூடுகிற ஒரு புரதத்தைத்தான் இந்தப் பரிசோதனை அளக்கிறது. ஆனால் அந்தப் புரதம் புற்றுநோயின் தனிச் சொத்து இல்லை. மாதவிடாய் வந்தால் கூடும், கருப்பையில் சதைக்கட்டி இருந்தால் கூடும், ஈரல் நோயிலும் கயரோகத்திலும் கூடும். கருப்பையின் உள்தோல் போன்ற ஒன்று வெளியே சூலகத்தில் வளர்ந்து, மாதா மாதம் அங்கேயும் இரத்தம் கசிகிற நோய் ஒன்றுண்டு, அதிலும் கூடும். "இன்னொண்டும் சொல்றாங்க," என்றாள் ஜெஸீமா. "உண்மையா கென்சர் இருக்கிற ஆளுக்கும், அதுவும் தொடக்கத்தில, முப்பத்தஞ்சுக்குக் கீழ வரலாமாம். அதால குறைஞ்சா பாஸுமில்ல, கூடினா பெயிலுமில்ல. ஸ்கேன், வயசு, மாசம் நிண்டிட்டா இல்லயா, எல்லாத்தயும் சேத்துத்தான் பாக்கோணுமாம். சிகிச்சை எடுக்கிற ஆளுக்குத்தான் இந்த நம்பர் கூடுதலா உதவியாம், ஏறுதா இறங்குதாண்டு பாக்க."

கடைசியாக டாக்டர் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். முடிவு வந்து இத்தனை நாள் ஏன் காத்திருந்தீர்கள்? நான் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "இது புற்றுநோயாக இருந்தால், இந்த நாட்களை உங்கள் தங்கை உங்களிடம் திருப்பிக் கேட்க முடியாது" என்றார். அந்த மாதம் அவள் உடம்பில் என்ன இருக்கிறதென்று எங்கள் யாருக்கும் இன்னும் தெரியாது. சத்திரசிகிச்சை வரை தொழுகையில் நான் கேட்டது ஒன்றைத்தான்: என் தாமதம் அவளுக்குத் தீங்காகிவிடக் கூடாது.

கட்டியை அகற்றிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். டாக்டர் சொன்ன அந்த உள்தோல் நோய்தான். புற்றுநோய் இல்லை. அல்ஹம்துலில்லாஹ். இந்த முறை முடிவுத் தாளை ஜெஸீமாவே போய் வாங்கி, முதலில் தானே வாசித்து, வானில் ஏறிய பிறகுதான் எங்களுக்குச் சொன்னாள். முந்தலில் வானை நிறுத்தச் சொல்லி எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கித் தந்தாள்.

ஊர் கொஞ்சம் சங்கடப்பட்டது உண்மை. மன்னிப்புக் கேட்டவர்கள் ஒழுங்கையில் அவளைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார்கள். ஆமினா லாத்தா வேலிக்கு மேலால், "நல்லாயிட்டாய்தானே, அந்தச் சஹன இன்னொருக்காத் தாவன்" என்று கேட்டார். "மாப் குடுத்திட்டன் லாத்தா, சஹன் தர மாட்டன்" என்று இவள் இங்கிருந்து கத்தினாள்.

நான் புறப்படும் நாள் காலையில் அவளிடம் போய் முறையாகக் கேட்டேன். உன் செய்தியை உன்னிடமிருந்து ஒளித்தேன், படித்தவன் என்ற திமிரில் அரைகுறையாக வாசித்துத் தீர்ப்புச் சொன்னேன், என்னை மாப் செய் என்றேன். அவள் என் பெட்டிக்குள் வறுத்த இறால் பொதியைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கெல்லாம் குடுத்திட்டன், காக்கா. உங்களுக்கு இப்ப இல்ல."

"ஏன்?"

"குடுத்தா நீங்க இனி எதுக்கு வரப் போறீங்க?"

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் போகிறேன். ஒவ்வொரு முறையும் கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டுச் சொல்லி அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிடுகிறாள். நோர்வேயில் எனக்கு வீடு இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், குறையொன்றுமில்லை.

நேற்றும் அதே சுகாதார நிலையத்தில், அதே கதவுக்கு வெளியே இருந்தேன். சபீனா உள்ளே போனாள், கதவு மூடியது. நான் பனியில் போய் நிற்கவில்லை. சற்றுப் பிறகு அவள் வந்து சால்வையைச் சரிசெய்துகொண்டு, "வீட்ட போய்ச் சொல்றேன்" என்றாள். சரி என்றேன். பஸ்ஸில் ஏறி இருந்ததும் தொலைபேசியில் ஜெஸீமாவின் குரல் வந்திருந்தது. பின்னணியில் கடற்காற்றும், தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் சத்தமும். "காக்கா, வெங்காயம் நட்டாச்சு. மாப் வேணுமெண்டா வெங்காயம் புடுங்கக்குள்ள வாங்க, பாப்பம்." ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. நான் அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன்.