பிறந்த இடம்: செவ்வாய்

என் சித்தப்பா மகள் ஃபெமினா, கறம்பக்குடிப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். மனு எழுதித் தருவாள், போட்டோ ஒட்டித் தருவாள். மெஷின் சும்மா இருக்கும் நேரத்தில் படக்கதை வரைவாள். ஒரே ஒரு ஏ4 தாள். மடித்தால் எட்டுப் பக்கம், பக்கத்துக்கு ஒரு கட்டம். கதை முழுக்க வேற்றுக்கிரகத்து ஆசாமிகள். பறக்கும் தட்டுக்கு எஃப்.சி. எடுக்க அலைவார்கள். ரேஷன் கடையில் கைரேகை விழாமல் பதினாறு விரலையும் மாற்றி மாற்றி வைப்பார்கள். டோக்கனுக்குக் காத்திருக்கும் சனம் படித்துச் சிரித்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் தள்ளும்.

“இன்னும் பெருசா வரையலாமேம்மா? புத்தகமாப் போடலாம்” என்றேன் ஒருமுறை.

“டோக்கன் நம்பர் கூப்புடுறதுக்குள்ள கதை முடியணும்ணே. அதோட, புத்தகம் போடுறவரு மொதல்ல அந்த மூணாவது கண்ண எடுக்கச் சொல்வாரு. இங்க நான் வச்சதுதான் கண்ணு.”

இந்த விடுமுறையில் எனக்கு ஒரு பிறப்பிடச் சான்று தேவைப்பட்டது. நான் வேலை பார்க்கும் நாட்டில் கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை விமானம். ஆன்லைனில் விண்ணப்பம் போயிருந்தாலும், நகல் ஒன்றைக் கையில் கொடுக்காமல் ஃபைல் நகராது என்று அந்த எதிர் அலுவலகத்தில் சொன்னார்கள். ஃபெமினாதான் எடுத்துத் தந்தாள். வழக்கம்போல் நான்கு தடவை சரிபார்த்தேன், முன்பக்கத்தை மட்டும்.

புதன்கிழமை கிளார்க் ராக்கன் கூப்பிட்டனுப்பினார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. என் மனுவைத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் ஃபெமினாவின் படக்கதை. மெஷினில் கிடந்த சோதனைத் தாளில் என் மனு அச்சாகியிருந்தது.

படத்தில் மூன்று கண் ஆசாமி ஒருவன் கழுத்தில் தண்ணீர் பாட்டில் தொங்க, “இந்த மோரைக் குடிக்கலாமா? வயித்துக்கு ஒண்ணும் ஆகாதே?” என்று கேட்டபடி நின்றான். கையில் பிறப்பிடச் சான்றுக்கு மனு. பிறந்த இடம்: செவ்வாய்.

ராக்கன் என் கழுத்தைப் பார்த்தார். அங்கேயும் தண்ணீர் பாட்டில்.

“எடத்தக் கேட்டா கெழமையச் சொல்லிருக்கீங்க.”

“சார், அது நான் இல்ல சார்…”

சனிக்கிழமை விமானம் என்னை விட்டுவிட்டுப் பறப்பது கண்ணில் தெரிந்தது. ஃபெமினாவைக் கூப்பிட ஓடினேன். கையெல்லாம் மையோடு வந்தாள்.

“என்னம்மா இது? இவருதானா?” என்று ராக்கன் படத்தைக் காட்டினார்.

“அய்யோ, எங்கண்ணனுக்கு ரெண்டு கண்ணுதான் சார். எண்ணிப் பாருங்க.”

ராக்கன் நிஜமாகவே பார்த்தார். பிறகு தாளின் மூலையில் விரல் வைத்தார். எட்டாவது கட்டம் இன்னும் வரையாமல் காலியாக இருந்தது.

“அவனுக்குச் சான்று கெடச்சுதா இல்லியா?”

“அது எங்கையில இல்ல சார். அண்ணன் ஃபைலு மேல போச்சுன்னா, கெடச்சுதுன்னு வரைவேன். இங்கிட்டே கெடந்தா, அவன் ஒங்க மேசைக்கு முன்னாடி உக்காந்து வேரு விட்டுருவான்.”

“என் மேசையையா வரைவ?”

“மேசைய மட்டும் இல்ல சார்.”

ராக்கன் மீசையைத் தடவினார்.

“வேற நகல் குடு. பின்னாடி வெள்ளையா இருக்கணும்.” படக்கதைத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சான்று வந்தது. விமான நிலையத்தில் அதை எடுத்து, பிறந்த இடம் ஆவூர் என்றுதான் இருக்கிறதா என்று நான்காவது தடவையாகப் பார்த்தேன். அப்புறம்தான் கிளம்பும்போது ஃபெமினா வரைந்து முடித்து என் கையில் திணித்த படக்கதைத் தாளை விரித்தேன். எட்டாவது கட்டத்தில், பறக்கும் தட்டின் படிக்கட்டில் உட்கார்ந்து, மூன்று கண்ணாலும் அவனும் தன் சான்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.