எனக்குள் திரும்பிச் சேராத அடினின்

வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் முதல் வலி வந்தது. இடது விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கியது. மெஷின் மேலேயே கவிழ்ந்துவிட்டேன்.

“பாத்ரூம் போகணுமேன்னு தண்ணி குடிக்க மாட்டீங்க. அப்புறம் கல்லு வராம என்ன பண்ணும்?” என்றார் முதலில் பார்த்த மருத்துவர். அது நியாயம்தான். ஆனால் குடம் குடமாகக் குடித்தும் இரண்டு வருடத்தில் மூன்று முறை கல் வந்தது. எக்ஸ்ரேயில் தெரியாது, ஸ்கேனில் தெரியும். யூரிக் அமிலக் கல் என்று மருந்து கொடுத்தார்கள். ரத்தத்திலோ யூரிக் அமிலம் சரியான அளவில் இருந்தது. கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டாமல் ரத்தத்தில் தங்கும் கழிவு) மட்டும் ஏறிக்கொண்டே போனது.

கோயம்புத்தூரில் ஒரு சிறுநீரக மருத்துவர், விழுந்த கல்லை டப்பாவில் போட்டு எடுத்துவரச் சொன்னார். செம்பழுப்பு நிறம், கொத்தமல்லி விதையளவு. உங்களுக்கும் கல் திரும்பத் திரும்ப வந்தால், விழுந்ததை எறிந்துவிடாதீர்கள். சோதனைக்குக் கொடுங்கள்.

முடிவு வந்த அன்று அவர் முதலில் கேட்டது இதைத்தான்: “உங்க அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்களா?”

“ஆமாங்க. அப்பாவோட அக்கா மகதானுங்க அம்மா.”

தாளில் வரைந்து காட்டினார். செல்லுக்குள் பழைய பொருட்கள் உடையும்போது அடினின் (மரபணுவின் நான்கு எழுத்துகளில் ஒன்று) வெளியே வரும். உடம்பு அதை வீணாக்காது. ஒரு நொதி (வேதிவினையை நடத்தும் புரதம்) அதைப் பிடித்து மீண்டும் சேர்த்துக்கொள்ளும். எனக்கு அந்த நொதி வேலை செய்யவில்லை; அதற்கான மரபணு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதாகவே வந்திருந்தது. மீந்துபோன அடினின் வேறு பொருளாக மாறி, கரையாமல் சிறுநீரகத்தில் படிகிறது.

நான் பயந்திருக்க வேண்டும். எனக்கோ கேள்விதான் வந்தது.

“ஏனுங்க டாக்டர், அப்புறம் எப்படிங்க உடம்பு இத்தன வருஷம் ஓடுச்சு?”

“பழசு கிடைக்காட்டி புதுசாவே செஞ்சுக்குதுங்க. அதனாலதான் உங்களுக்குத் தெரியல.”

அதே பழுது இருக்கலாம் என்று தம்பி கார்த்தியையும் வரச் சொன்னார். அவன் சேவூரில் விவசாயம் பார்க்கிறான். “எனக்கு ஒண்ணுமில்லீங்க அக்கா, தோட்டத்துல வேல கெடக்குது” என்று ஒரு மாதம் தட்டிக்கழித்தான். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போனேன்.

“நானும் ஒண்ணுமில்லைன்னுதான் கண்ணு இருந்தேன். எடது கிட்னி சுருங்கிப் போச்சு.”

மறுநாள் வந்தான்.

அவன் சிறுநீரை மருத்துவர் நுண்ணோக்கியில் காட்டினார். பழுப்பு உருண்டைகள், நடுவிலிருந்து சக்கரக் கம்பிகள் போலக் கோடுகள். அழகாக இருந்தன. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. கார்த்தி நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. நல்லவேளை, அவன் சிறுநீரகங்கள் இன்னும் கெடவில்லை.

இருவருக்கும் அலோபியூரினால் (அடினின் அப்படி மாறுவதைத் தடுக்கும் மாத்திரை) கொடுத்தார். சில மாதங்களில் அவனுக்குப் படிகங்கள் மறைந்தன. என் கிரியாட்டினின் கொஞ்சம் இறங்கி, ஓரிடத்தில் நின்றது. சுருங்கியது சுருங்கியதுதான்.

“எத்தன நாளைக்குங்க இந்த மாத்திர?”

“ஆயுசுக்கும்.”

அதுவரை அடுத்த ஸ்கேன் வரைக்கும்தான் நாட்களை நினைத்திருந்தேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது வலது விலாவில் கை வைத்துப் பார்த்தேன். வலிக்காத இடத்தில் நான் கை வைத்தது அதுதான் முதல் முறை.