நின்றால் எண்ணூறு, உட்கார்ந்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு

காலை 8.10க்குப் பொலோனியாவில் ரயில் ஏறினோம். பிளாரன்சுக்குத் தொண்ணூற்றேழு கிலோமீட்டர், டிக்கெட் ஆளுக்கு ஆறாயிரம் லிரா. அது 1987 செப்டம்பர். எங்கள் சர்க்கரை ஆலைக்கு வாங்கிய இயந்திரத்தைக் கழற்றி மாட்டக் கற்றுவர இரண்டு ஃபிட்டர்களை இத்தாலிக்கு அனுப்பியிருந்தார்கள். ஒருவன் நான். இன்னொருவர் பழனிவேல். மூன்று வாரப் பயிற்சி முடிந்தது. ரோமில் விமானம் ஏற மூன்று நாள் இருந்ததால் ஊர் சுற்றக் கிளம்பினோம்.

பழனிவேலும் நானும் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரே கிராமம். அவர் ஊர்த்தெரு, நான் காலனி. ஆலையில் ஒரே வேலை, ஒரே சம்பளம், ஒரே வயது. ஆனாலும் எட்டு வருடமாக அவர் என்னை "வா, போ" என்பார், நான் அவரை "வாங்க, போங்க" என்பேன். பொலோனியாவில் ஒரே அறை. சோறு வடித்தது நான். இரண்டு நாள் ரொட்டியைத் தின்று பார்த்தார். மூன்றாம் நாள் தட்டை நீட்டினார். அந்த வாரமே நானும் "நீ" என்று பேச ஆரம்பித்தேன். அவனும் பழகிக்கொண்டான். அங்கே தமிழ் பேச அவனுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை, எனக்கும் அப்படித்தான்.

ரயில் மலைக்குள் நுழைந்தது. ஒரு சுரங்கம் மட்டும் பதினெட்டு கிலோமீட்டர்.

"நம்ம கல்வராயன் மலைய இப்படிக் கொடைஞ்சா, அந்தாண்ட ஒரு மணி நேரத்துல பூடலாம்டா" என்றான் பழனிவேல்.

"மொதல்ல மலை மேல இருக்கறவனுக்கு ரோடு போடச் சொல்லு."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

பிளாரன்சில் பெரிய தேவாலயத்தின் குவிமாடத்துக்கு 463 படி. உச்சியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கீழே ஊர் முழுக்கச் சிவப்பு ஓடு, நடுவே ஆறு, ஆற்றுப் பாலத்தின் மேலேயே நகைக்கடைகள். அழகான ஊர்தான், பொய் சொல்லக் கூடாது.

"இதுல காலனி எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். பழனிவேல் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டான்.

பகல் பன்னிரண்டு மணிக்குச் சதுக்கத்து ஓரமாக ஒரு காபிக்கடை. விலைப்பலகையில் ஒரே காபிக்கு இரண்டு விலை. நின்று குடித்தால் எண்ணூறு லிரா, மேசையில் உட்கார்ந்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு. அந்த நாட்டு வழக்கம் அது.

"நின்னுகினே குடிச்சிட்டுப் போலாம். குந்தினா மூணு மடங்கு வாங்குறான்" என்றான் பழனிவேல்.

"நான் குந்தணும்."

"இன்னாத்துக்கு? காபி ஒண்ணுதானே?"

"நம்ம ஊரு டீக்கடையில நான் இன்னி வரைக்கும் குந்தினதில்ல. வெளியில நின்னுதான் குடிச்சிருக்கேன், எங்களுக்குன்னு வெச்ச கிளாஸ்ல. நீ உள்ள பெஞ்சுல பேப்பர் படிச்சிகினு இருப்ப. நான் எதிர்லதான் நின்னேன். பாத்ததே இல்லியா?"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வெள்ளைக் கோட்டுக்காரர் குனிந்து என் முன்னால் முதல் கோப்பையை வைத்தார். பழனிவேல் பாதி குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்: "ஊருக்குப் போயும் இப்படித்தான்டா. எந்தக் கடையா இருந்தாலும் ஒண்ணா குந்திதான் குடிப்போம். எவன் கேக்கறான்னு பாத்துக்கறேன். எங்க கொலசாமி சத்தியம்."

நான் சத்தியம் கேட்கவில்லை. ஆனால் நம்பினேன்.

ரோமில் இரண்டு நாள். கொலோசியத்தில் எந்தப் படியில் எவன் உட்கார வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே பிரித்திருக்கிறார்கள். பெரிய மனிதர்கள் அடிவரிசையில், ஏழைகளும் அடிமைகளும் உச்சியில். வழிகாட்டிப் புத்தகத்தில் படமே இருந்தது. பழனிவேல் அந்தப் பக்கத்தைச் சட்டென்று புரட்டினான். விமானத்தில் நாங்கள் பேசியது குறைவு. பக்கத்துப் பக்கத்து இருக்கைதான், ஆனாலும் தனியாக வருவது போலிருந்தது.

மெட்ராசில் இறங்கினால் சாலை மறியல். இடஒதுக்கீடு கேட்டுப் பழனிவேலின் சாதி ஆட்கள் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம். அன்றும் அதைத்தான் சொன்னேன், இன்றும் அதைத்தான் சொல்கிறேன். ஒரு லாரி, இரண்டு பஸ் மாறி மறுநாள் காலை பதினோரு மணிக்கு எலவனாசூர்கோட்டை வந்தோம். குறுக்கே இரண்டு புளியமரம் கிடந்தது.

"எறங்குங்க, இதுக்கு மேல வண்டி போவாது" என்றார் கண்டக்டர்.

மரத்தை ஒட்டி ஒரு டீக்கடை. பெஞ்சில் நான்கைந்து பேர், ஒருவன் மடியில் கோடாலி. அவன் பழனிவேலைப் பார்த்ததும் கத்தினான்: "மாமா! வெளிநாட்லேர்ந்து நேரா மறியலுக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். பழனிவேல் போய் அவர்கள் நடுவே உட்கார்ந்தான். கடைக்காரர் என் கோட்டையும் ரோமில் வாங்கிய ஷூவையும் பார்த்தார்.

"சாரு யாருங்க?"

பழனிவேல் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நம்ம ஆளுதான்" என்றான். பிறகு நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டான். "வாங்க, குந்துங்க."

எட்டு வருடத்தில் அவன் என்னை "வாங்க" என்றது அன்றுதான். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டான். நான் போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி. இரவெல்லாம் கண் விழித்த அலுப்பு, கால் கெஞ்சியது.

"நான் அவரு ஊருதாங்க. காலனி" என்றேன்.

சிரிப்பு நின்றது. கோடாலிக்காரன் என்னைப் பார்க்கவில்லை, பழனிவேலைத்தான் பார்த்தான். கடைக்காரர் கூரை ஓரத்தில் தனியாகக் கவிழ்த்திருந்த கிளாசை எடுக்கப் போனார்.

"வேணாங்க" என்றேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினேன். கள்ளக்குறிச்சிக்கு இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. சாலையில் ஒரு வண்டி இல்லை, ஆள் இல்லை. மேற்கே கல்வராயன் மலை புகை போலத் தெரிந்தது.

ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பழனிவேல் டீ கிளாசைப் பிடித்தபடி பெஞ்சிலிருந்து பாதி எழுந்திருந்தான். வரவும் இல்லை, திரும்ப உட்காரவும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தானோ தெரியாது. நான் நடந்தேன்.