வரையப் படித்தவளின் சம்பளம்

ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தொழிற்கல்லூரி ஒன்றில் மிதுசா மூன்று வருடம் கலையும் வடிவமைப்பும் படித்தாள். பத்தொன்பது வயதில் சான்றிதழோடு வெளியே வந்தபோது, யாராவது உடனே கூப்பிடுவார்கள் என்று நினைத்தாள். ஒருவரும் கூப்பிடவில்லை.

டோர்ட்முண்டில் இரண்டு விளம்பர நிறுவனங்களுக்குப் போய்ப் பார்த்தாள். பல்கலைக்கழகம் முடித்தவர்களே வரிசையில் நிற்கிறார்கள் என்றார்கள். பிறகு ஒரு பேக்கரி, ஒரு கைத்தொலைபேசிக் கடை, மறுபடி இன்னொரு பேக்கரி. எங்கேயும் ஒரு வருடத்துக்கு மேல் அவளால் தரிக்க முடியவில்லை. இருபத்துமூன்றில் பொதிகள் பிரிக்கும் கிடங்கொன்றில் சேர்ந்தாள். சம்பளம் நல்லது. ஆனால் இடைவேளையில் பெட்டிகளின்மேல் ஆட்களின் கைகளை வரைந்துகொண்டிருந்தாள். வாடிக்கையாளரின் பெட்டியில் கிறுக்கியதற்காக மேற்பார்வையாளர் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். வேலை முடிந்து வரும் ரயிலில் இருக்கை காலியாக இருந்தாலும், ஓரிடத்தில் இருக்கப் பொறுக்காமல் நின்றுகொண்டேதான் வருவாள்.

தகப்பன் நாகமுத்து கம்பித் தொழிற்சாலையில் வேலை செய்பவர். சத்தம் போடுகிற மனிதர் அல்ல. கோயிலில் யாராவது மகள் என்ன படித்தவள் என்று விசாரித்தால், கல்லூரி முடித்தவள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார். ஏசியிருந்தால்கூட மிதுசாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவளுக்கு இருபத்தாறு வயதானபோது தாய் ஞானமலர் படியில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாள். புதிதாகக் கட்டிய பல் சாம்பல் நிறமாக, தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. ஞானமலர் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். தங்கை மகளின் கலியாணத்தில் படத்துக்கு நிற்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். கடைசியில் பல்வைத்தியர், வேறு பல் செய்யலாம், நிறம் பார்க்க நேரே பல் செய்கிற கூடத்துக்கே போங்கள் என்று அனுப்பினார். மொழிபெயர்க்க மிதுசாவும் கூடப் போனாள்.

கூடத்தை நடத்திய பிரிட்டா மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக ஞானமலரின் வாயருகே பிடித்துப் பார்த்து ஓர் இலக்கத்தைக் குறித்தாள். மிதுசாவால் சும்மா இருக்க முடியவில்லை. அம்மாவை யன்னல் பக்கம் திருப்பினாள். பக்கத்துப் பல் ஒரே நிறமில்லை, முரசை ஒட்டிய அடியில் மஞ்சள், நுனியில் நீலம், இந்த இலக்கம் சரிவராது என்று ஜெர்மனில் சொன்னாள்.

ஞானமலர் மகளின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “பேசாமல் இரு பிள்ளை. அவைக்குத் தெரியும்.”

“போன முறையும் அவைக்குத் தெரியும் எண்டுதானே அம்மா விட்டனாங்கள்.”

பிரிட்டா கோபிக்கவில்லை. பென்சிலை நீட்டி, வரைந்து காட்டச் சொன்னாள். கால் மணி நேரத்தில் மிதுசா பக்கத்துப் பல்லை அப்படியே வரைந்து, எங்கே என்ன நிறம், எங்கே மெல்லிய வெடிப்பு என்று குறித்துக் கொடுத்தாள். இரண்டு கிழமையில் புதுப்பல் வந்தது. ஞானமலர் கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றாள். பிறகு தங்கைக்குத் தொலைபேசி எடுத்து, கலியாணப் படத்துக்கு நிற்கிறேன் என்றாள்.

அடுத்த நாள் பிரிட்டா மிதுசாவைக் கூப்பிட்டாள். கூடத்தில் பல் செய்யும் தொழிற்பயிற்சியான அவுஸ்பில்டுங்குக்கு ஓர் இடம் மாதக்கணக்காகக் காலியாக இருந்தது. மூன்றரை வருடப் பயிற்சி. கொடுக்கும் சம்பளம் கிடங்குச் சம்பளத்தில் பாதிகூட வராது.

“இருபத்தாறு வயசிலை பள்ளிக்கூடப் பிள்ளையின்ரை சம்பளமோ?” என்றார் நாகமுத்து. “அப்ப முந்திப் படிச்சது என்னத்துக்கு?”

“அதைப் படிச்சபடியாத்தான் கேக்கினம் அப்பா.”

“அதுக்குக் காசு தருவினமோ?”

அன்றைக்கே மிதுசா பிரிட்டாவுக்கு வரவில்லை என்று அறிவித்தாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குப் போகிற வழியில் ரயிலைவிட்டு இறங்கி, முன்கூட்டிச் சொல்லாமலே கூடத்துக்குப் போய், நான் சொன்னதை மறந்துவிடுங்கள் என்றாள்.

பிரிட்டாதான் பழைய சான்றிதழை இணைத்துத் கைத்தொழில் சபைக்கு விண்ணப்பம் போட வைத்தாள். பயிற்சிக்காலத்தில் ஒரு வருடத்தைக் கழித்துக் கடிதம் வந்தது. நாகமுத்து கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். முழுசாக ஒரு வருடமோ என்று கேட்டார். ஓம் என்றாள். அதற்குப் பிறகு அவர் மறுத்துப் பேசவில்லை.

முதல் மாதங்கள் முழுவதும் வெறும் சாந்து குழைப்பதும் அச்சு வார்ப்பதும்தான். இதற்கா வந்தேன் என்று ஓடிவிடப் பார்த்தாள். சனிக்கிழமைகளில் மறுபடி பேக்கரியில் நின்று வீட்டுக்கென்று வாங்கிய காரின் தவணையைக் கட்டினாள். இரண்டாம் வருடம் பீங்கான் மாவைத் தூரிகையில் எடுத்து அடுக்கடுக்காகப் பூசத் தந்தார்கள். அன்றைக்கு மதியம் சாப்பிட மறந்துபோனாள்.

இப்போது மிதுசாவுக்கு முப்பது வயது. தேர்வில் சித்தியடைந்துவிட்டாள். சம்பளம் கிடங்கில் எடுத்ததைவிடக் கொஞ்சம்தான் கூட. இழந்த வருமானம் திரும்பிவர இன்னும் சில வருடம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அதற்குள் மேற்படிப்புக்கு எங்கே இடம் இருக்கிறது, சுவிஸில் இந்த வேலைக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று தேடத் தொடங்கிவிட்டாள்.

போன மாதம் பக்கத்து வீட்டுச் சாருலதா, தன் மகளை அதே கலைப் படிப்புக்கு விடலாமா என்று கேட்டு, மகள் வரைந்த படங்கள் நிறைந்த கொப்பியோடு வந்தாள். மிதுசா கொப்பியை முழுவதும் புரட்டினாள்.

“கை நல்லாயிருக்கு அக்கா. ஆனா அந்தப் படிப்பு எனக்கு உதவ ஏழு வருசம் போச்சு. அதையும் பிள்ளைக்குச் சொல்லிப்போட்டு விடுங்கோ.”

சாருலதா அப்போதும் விடலாமா வேண்டாமா என்றே கேட்டாள். மிதுசா கொப்பியில் ஒரு பக்கத்தைத் திரும்ப எடுத்து, முகத்தின் நிழல் விழுந்த இடத்தைக் காட்டி, “இப்பிடி நிழல் போடுற கை, விட்டாலும் விடாட்டிலும் வரையத்தான் செய்யும் அக்கா,” என்றாள்.